எழுதுவதா, பேசுவதா, சேர்ந்து கேட்பதா, செய்து காட்டுவதா? கருவியிசை டிராக்குக்குக் கருத்துச் சொல்லும் வழிகள்

சொந்தமாக அமைத்த ஒரு கருவியிசை டிராக்கை அனுப்பி, "கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்கிறார் ஓர் இசைக்கலைஞர். அவருக்குப் பின்னால் நிறுவனம் இல்லை, தயாரிப்பாளர் இல்லை. இசையமைத்தது, வாசித்தது, மிக்ஸ் செய்தது (கருவிகளின் ஒலிகளைச் சமன்படுத்திச் சேர்த்தது) எல்லாம் அவர் ஒருவரே. அந்த டிராக் வெளிவருவதற்கு முன் அதைக் கேட்கும் ஒரே வெளிக்காது உங்களுடையதாகக்கூட இருக்கலாம். அதனால் என்ன சொல்வது என்பதற்கு முன்பாக, எந்த வழியில் சொல்வது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வழிகள் நான்கு. நேரக்குறிப்போடு எழுதி அனுப்பலாம். முதல்முறை கேட்கும்போதே பேசி, அந்தக் குரலைப் பதிவுசெய்து அனுப்பலாம். இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுப் பேசலாம். ஸ்டெம்களை (டிரம்ஸ், பாஸ் எனத் தனித்தனியாகப் பிரித்த ஒலிக்கோப்புகளை) வாங்கி, மாற்றிக் காட்டலாம். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று சொல்ல முடியாது. ஒரு வழியில் பளிச்சென்று தெரியும் குறை இன்னொரு வழியில் காதில் விழாமலே போகும். எந்த நிலையில் இருக்கும் டிராக்குக்கு எது பொருந்தும், எது எங்கே சொதப்பும் என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறோம்.

கருவியிசைக்கு இந்தத் தேர்வு கூடுதல் முக்கியம். பாடல் என்றால் கேட்பவருக்கு வரிகள் பிடிமானம் தருகின்றன. "இரண்டாவது சரணம் இழுக்குது" என்று யாராலும் சொல்ல முடியும். வரிகள் இல்லாத இசையில் அந்தப் பிடிமானம் இல்லாததால், கேட்பவர் சட்டென்று ஒலியின் தரத்துக்குத் தாவிவிடுகிறார். "பாஸ் கொஞ்சம் ஜாஸ்தி", "மிக்ஸ் சூப்பர்", "ரிவெர்ப் (எதிரொலி) குறைக்கலாம்" என்று தயார்நிலையில் இருக்கும் சொற்கள் முதலில் வருகின்றன. மெட்டு எந்த இடத்தில் தொய்ந்தது, கவனம் எப்போது நழுவியது என்பதற்கு அப்படித் தயாரான சொற்கள் இல்லை. அதன் விளைவாக, இசையமைப்பில் இருக்கும் குறை மிக்ஸின் தலையில் விழுகிறது. இசைக்கலைஞர் ஒரு வாரம் ஈக்யூவோடு (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவியோடு) போராடிவிட்டு அதே குறையுடன் திரும்பி வருகிறார்.

கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் அவரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். இன்னும் எதையெல்லாம் மாற்ற முடியும்? எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

முதல் கேள்விக்கு வரும் பதில்தான் வழியைத் தீர்மானிக்கிறது. வெறும் வரைவு என்றால் எல்லாமே மாறலாம். அங்கே ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜோடி சிம்பல்) கூர்மையாக இருக்கிறது என்று எழுதுவது வீண், நாளை அந்த ஹை-ஹாட்டே இருக்காது. கருவிகளும் பகுதிகளும் முடிவாகி, மிக்ஸில் இருக்கிறது என்றால் ஒலியளவு, இடம், அதிர்வெண் பற்றிப் பேசலாம். "நடுவில் புதுப் பகுதி ஒன்று வேண்டும்" என்று சொல்வதானால் காரணம் வலுவாக இருக்க வேண்டும். மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிந்துவிட்டது என்றால் தவறுகளை மட்டும் சொல்லுங்கள்: வெட்டின இடத்தில் கிளிக் சத்தம், முடிவில் பாதியில் அறுந்த ரிவெர்ப், உச்சத்தில் உடையும் ஒலி. ஏற்கெனவே வெளியிட்டாயிற்று என்றால் அந்த டிராக்கைத் திருத்தும் பேச்சு எதற்கும் உதவாது. அடுத்ததற்கு எடுத்துப்போகக்கூடிய ஒன்றிரண்டைச் சொன்னால் போதும்.

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் "எல்லாத்தையும் சொல்லுங்க" என்றுதான் பதில் வரும். அப்போது, "உங்களுக்கே சந்தேகமா இருக்கிற ஒரு இடத்தைச் சொல்லுங்க" என்று திருப்பிக் கேளுங்கள். ஆனால் அந்தப் பதிலை உங்கள் முதல் கேட்பு முடிந்த பிறகே படியுங்கள். முன்பே படித்தால் காது அந்த இடத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும்.

கேட்கும் சூழலும் எல்லா வழிக்கும் பொதுவானது. 24 பிட் வேவ் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் 320 கிலோபிட் எம்பி3. குறுஞ்செய்திச் செயலி வழியாக வருவதானால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டு ஃபோனில் பதிவுசெய்த துண்டை வைத்து மிக்ஸ் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. ஹெட்ஃபோனில் ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை, ஃபோன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். ஹெட்ஃபோனில் இடமும் வலமும் முழுதாகப் பிரிந்துவிடுவதால் பேனிங் (ஒலிகளை இடம் வலமாகப் பிரித்து வைப்பது) உண்மையைவிட அகலமாகத் தோன்றும். ஃபோன் ஸ்பீக்கரில் சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றும் வராது. ஒலியளவு மிதமாக, எல்லா முறையும் ஒரே அளவில் இருக்கட்டும். மெல்லிய ஒலியளவில் காதுக்கு பாஸும் உச்ச அதிர்வெண்களும் குறைந்தே கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரவில் மெதுவாக வைத்துக் கேட்டுவிட்டு "பாஸ் பத்தல" என்று எழுதினால், அந்தக் குறை டிராக்கில் இருப்பதாகாது.

முதல் கேட்பைப் பேசிப் பதிவுசெய்வது

நான்கு வழிகளில் மிகக் குறைவாகப் பயன்படுவது இதுதான். ஆனால் கருவியிசையைப் பொறுத்தவரை வரைவு நிலையிலும் கருவி அமைப்பு நிலையிலும் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை. ஒரு டிராக்கை முதல்முறையாகக் கேட்பது ஒரே ஒருமுறைதான் நடக்கும். இரண்டாம் முறை கேட்கும்போது அடுத்து என்ன வரும் என்று காதுக்குத் தெரியும். தொய்வான இடத்தைக்கூட அது பொறுத்துக்கொள்ளும். இசையமைத்தவர் தன் டிராக்கை நூற்றுக்கணக்கான முறை கேட்டிருப்பார், அதனால் அந்த முதல் கேட்பு அவருக்கு இனி வாய்க்கவே வாய்க்காது. உங்களிடமிருந்து அவர் பெறக்கூடியவற்றில் வேறு எங்கும் கிடைக்காத பொருள் அது ஒன்றே.

செய்முறை எளிது. டிராக் ஹெட்ஃபோனில் ஓட வேண்டும், உங்கள் குரல் வேறொரு கருவியில் பதிவாக வேண்டும். ப்ளூடூத் ஹெட்ஃபோனின் மைக்கிலேயே பேசினால் பல கருவிகளில் ஒலி மோனோவாகி (இடம், வலம் பிரியாத ஒற்றை ஒலியாகி), தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பிறகு நீங்கள் கேட்பது அவருடைய மிக்ஸாக இருக்காது. எனவே கம்பியுள்ள ஹெட்ஃபோனும், பக்கத்தில் பதிவுக்காக ஒரு ஃபோனும் வைத்துக்கொள்வது நல்லது. பதிவை ஓடவிட்டு, "மூணு, ரெண்டு, ஒண்ணு, ப்ளே" என்று சொல்லி டிராக்கைத் தொடங்குங்கள். அந்த "ப்ளே"யை அவர் தன் இசை மென்பொருள் புராஜெக்டில் முதல் பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) நேராக வைத்துக்கொண்டால், உங்கள் ஒவ்வொரு சொல்லும் சரியான இடத்தில் விழும்.

பிறகு நிறுத்தக் கூடாது, பின்னால் ஓட்டக் கூடாது. தோன்றுவதை மட்டும் சொல்லுங்கள்: "இங்க ஏதோ வரப்போகுதுன்னு தோணுது", "மெட்டு இப்பதான் புரிஞ்சுது", "இன்னும் அதேதான் ஓடுது", "அட, இந்தத் திருப்பம் நல்லா இருக்கு". காரணம் தேட வேண்டாம். காரணம் தேடும் நொடியில் கேட்பது நின்றுபோய், அடுத்த நான்கு பார் காதில் விழாது. மௌனமாக இருப்பதும் தகவல்தான். முக்கால் நிமிடம் ஒன்றுமே சொல்லத் தோன்றாமல் லயித்திருந்தீர்கள் என்றால் முடிந்ததும் அதைச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அந்த மௌனத்தை அவர் சலிப்பு என்று எடுத்துக்கொள்வார்.

இந்த வழி சொதப்புவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பேச வேண்டுமே என்று பேசுவது. இடைவெளியை நிரப்புவதற்காகச் சொன்ன ஒரு சொல்லை நம்பி ஒருவர் ஒரு பகுதியையே நீக்கிவிடக்கூடும். இன்னொரு குறை, குரல் பதிவில் தேட முடியாது. ஐந்து நிமிடப் பதிவை மூன்று முறை கேட்டுத்தான் குறிப்பெடுக்க வேண்டும். ஆகவே பதிவின் முடிவில் இரண்டு வாக்கியத்தில் தொகுத்துச் சொல்லுங்கள்: கவனம் நழுவிய ஒரு இடம், பிடித்திழுத்த ஒரு இடம். மிக்ஸ் நுணுக்கத்துக்கு இந்த வழி ஏற்றதல்ல. பேசும்போது உங்கள் குரலே தலைக்குள் ஒலித்து, இசையின் நடு அதிர்வெண்களை மறைத்துக்கொண்டிருக்கும்.

நேரக்குறிப்போடு எழுதுவது

மிக்ஸ் நிலைக்கு எழுத்துதான். அவர் புராஜெக்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், செய்து முடித்ததை அடித்துவிடலாம், ஒரு மாதம் கழித்தும் எடுத்துப் படிக்கலாம். எழுதுபவருக்கும் நல்லது. "இங்க என்னவோ பண்ணுது" என்பதை எழுத உட்கார்ந்தால் அந்த "என்னவோ" என்ன என்று இன்னொருமுறை கேட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

நேரத்தோடு பார் எண்ணும் கொடுத்தால் அவருக்கு வேலை பாதி. நேரத்தை நொடிகளாக்கி, பி.பி.எம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால்) பெருக்கி, 60ஆல் வகுத்தால் அடிகள். நான்கடித் தாளம் என்றால் அதை 4ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் பார் எண். 96 பி.பி.எம்மில் 1:40 என்பது 100 நொடி, 160 அடி, 40 பார் முடிந்து 41ஆம் பாரின் தொடக்கம். கோப்பின் தலையில் வெற்று நொடி இருந்தால் அதை முதலில் கழித்துவிட வேண்டும். நடுவில் வேகம் மாறும் டிராக்குக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அங்கே நேரம் மட்டும் போதும்.

ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு விஷயங்கள் வரட்டும்: எங்கே, என்ன கேட்கிறது, எதனால் என்று தோன்றுகிறது, எதைச் செய்து பார்க்கலாம். முதல் இரண்டும் உறுதியாக இருக்க வேண்டும். மூன்றாவது ஊகம், ஊகம் போலவே எழுதப்பட வேண்டும். நான்காவது ஒரு நிமிடத்தில் செய்து பார்த்து, வேண்டாம் என்றால் திருப்பிவிடக்கூடியதாக இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, 96 பி.பி.எம்மில் ஓடும் 3 நிமிடம் 20 நொடி டிராக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 80 பார். 8 பார் முகப்பு, 16 பார் புல்லாங்குழல் மெட்டு, 16 பார் இரண்டாம் பகுதி, மெட்டு மறுபடி 16 பார், 8 பார் பியானோ தனியாக, கடைசி 16 பார் எல்லாக் கருவிகளும். இதற்கான குறிப்பு இப்படி இருக்கலாம்:

"1:00 முதல் 1:40 வரை (பார் 25–40): இங்கே கவனம் நழுவியது. டிரம்ஸும் பேடும் (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் சிந்த்) முந்தைய 40 நொடி செய்ததையே தொடர்கின்றன, புதிதாக வருவது ஹை-ஹாட் மட்டும். முதல் 8 பாருக்கு கிக்கை (பெரிய டிரம்மை) எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அல்லது இந்தப் பகுதியை 8 பாராகக் குறைத்துப் பாருங்கள்."

"1:40 (பார் 41): புல்லாங்குழல் திரும்பி வந்ததும் பேடுக்குள் அமுங்குகிறது. ஒலியளவு காரணமாகத் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆக்டேவில், நடு ஸ்தாயி ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் இடையில் நிற்கின்றன. பேடின் மேல் சுரத்தை எடுத்துவிட்டு அல்லது பேடை ஓர் ஆக்டேவ் இறக்கிக் கேளுங்கள்."

"2:20 (பார் 57): டிரம்ஸ் நின்று பியானோ தனித்து ஒலிக்கும் இடம் டிராக்கிலேயே சிறந்த தருணம். இதை நிரப்ப வேண்டாம்."

மூன்றாவது குறிப்பைக் கவனியுங்கள். அதில் இருப்பது முகமனோ ஆறுதலோ அல்ல. எது வேலை செய்கிறது என்று சொல்லாவிட்டால், அடுத்த திருத்தத்தில் அதையும் சேர்த்து மாற்றிவிடுவார். "எல்லாம் அருமை, ஆனா" என்று தொடங்குவதைவிட, பார் எண்ணோடு ஒரு நல்ல இடத்தைக் காப்பாற்றச் சொல்வது பல மடங்கு பயன் தரும்.

இரண்டாவது குறிப்பில்தான் நாம் தொடக்கத்தில் சொன்ன சிக்கல் இருக்கிறது. "மெட்டு கேட்கவில்லை" என்ற ஒரே அறிகுறிக்குக் குறைந்தது நான்கு காரணங்கள் உண்டு. ஒலியளவு உண்மையிலேயே குறைவாக இருக்கலாம். பேடோ கிடாரோ அதே ஆக்டேவில் உட்கார்ந்து மறைக்கலாம். ரிவெர்ப் வால் நீண்டு மெட்டின் ஓரங்களைக் கரைத்திருக்கலாம்: 96 பி.பி.எம்மில் ஒரு பார் 2.5 நொடி என்பதால், 3 நொடி வால் கொண்ட ரிவெர்ப் அடுத்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வந்த பிறகும் பழைய சுரங்களை ஒலித்துக்கொண்டே இருக்கும். நான்காவது, ஸ்டீரியோ அகலப்படுத்தும் பிளகின் போட்டதால் மோனோவில் மெட்டு தன்னைத்தானே அழித்துக்கொள்ளலாம். ஹெட்ஃபோனில் நன்றாகக் கேட்டு, ஒரே ஸ்பீக்கரில் மெட்டு மட்டும் காணாமல் போனால் அதுதான் காரணம். இந்த நான்கையும் பிரித்துப் பார்க்காமல் "லீடை (மெட்டு வாசிக்கும் கருவியை) 3 டெசிபல் ஏத்துங்க" என்று எழுதினால், அவர் ஏற்றுவார். பிறகு எல்லாவற்றையும் ஏற்றுவார். கடைசியில் லிமிட்டர் (ஒலி உச்சங்களை அமுக்கும் கருவி) முழு டிராக்கையும் தட்டையாக்கிவிடும்.

பொதுவாகக் கேட்கும் வேறு சில அறிகுறிகளுக்கும் இப்படி இரண்டு முகம் உண்டு. "மந்தமா, மூடின மாதிரி இருக்கு" என்றால் 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை நெரிசல் என்று சொல்வது வழக்கம். சரிதான், ஆனால் பியானோவின் இடக்கை, கிடார், பேடு, பாஸின் மேல்பகுதி நான்கும் அங்கேயே வாசித்துக்கொண்டிருந்தால் ஈக்யூ எதையும் காப்பாற்றாது. ஒரு கருவி வாசிப்பதை நிறுத்த வேண்டும். "காதைக் குத்துது" என்றால் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை பாருங்கள், காது மிகக் கூர்மையாக இருப்பது அங்கேதான். "மிஷின் மாதிரி இருக்கு" என்றால் மிடி வெலாசிட்டியை (ஒவ்வொரு அடியின் வலுவைக் குறிக்கும் எண்ணை) பார்க்கச் சொல்லுங்கள். எல்லா ஹை-ஹாட்டும் 100 என்று நின்றால், 70க்கும் 105க்கும் இடையில் அழுத்தம் மாறவிட்டாலே பாதி உயிர் வந்துவிடும். "ஃபோன்ல பாஸே இல்ல" என்றால் ஒலியளவை ஏற்றச் சொல்லாதீர்கள். 41 ஹெர்ட்ஸ் ஈ சுரத்தை எவ்வளவு ஏற்றினாலும் அந்தச் சிறு ஸ்பீக்கர் தராது. கொஞ்சம் சாச்சுரேஷன் (மெல்லிய ஒலிச்சிதைவு) சேர்த்தால் மேலே எழும் ஹார்மோனிக்குகளை (மேல் அதிர்வெண் துணையொலிகளை) வைத்துக் காது பாஸை ஊகித்துக்கொள்ளும்.

எண்ணிக்கையில் கட்டுப்பாடு வேண்டும். பெரிய குறிப்புகள் மூன்று, சிறியவை ஐந்துக்கு மேல் போகாமல். இருபது குறிப்பு அனுப்பினால் எளிதான பன்னிரண்டை முடித்துவிட்டு, கடினமான அந்த ஒன்றை விட்டுவிடுவார். அந்த ஒன்றுதான் டிராக்கின் உண்மையான சிக்கலாக இருக்கும். வரிசை நேரப்படி வேண்டாம், முக்கியத்துவப்படி இருக்கட்டும். பகுதிகளின் நீளம் மாறப்போகிறதென்றால் மிக்ஸ் குறிப்புகளை இந்தச் சுற்றில் அனுப்பவே வேண்டாம்.

எழுத்தின் பலவீனம், தொனி தெரியாது என்பது. "இந்தப் பகுதி தேவையா?" என்று நிஜமாகவே கேட்ட கேள்வி, படிப்பவருக்குத் தீர்ப்பாகத் தெரியும். கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டதை எழுதுங்கள்: "இந்தப் பகுதி வந்தபோது முந்தைய பகுதியின் வேகம் நின்றுவிட்டதாகத் தோன்றியது." அதை மறுக்க அவருக்கும் இடம் இருக்கும்.

சேர்ந்து கேட்பது

நோக்கம் புரியாதபோது இதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு டிராக்கில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரே கார்டு நீடிக்கிறது என்றால் அது தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்றே வைத்ததா? ஆம்பியன்ட் இசையில் அந்த நீட்சிதான் உயிர். நடனத்துக்கான டிராக்கில் அது தொய்வு. எழுத்தில் இதைத் தெரிந்துகொள்ள நான்கு மடல் பரிமாற வேண்டும், பேச்சில் ஒரு கேள்வி போதும்: "கேட்கிறவர் இந்த இடத்துல என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க?"

நேரில் கூடினால் ஒலி பற்றிக் கவலை இல்லை. வீடியோ அழைப்பில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. அழைப்பு மென்பொருள்கள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் இரைச்சல் நீக்கும் வசதி நீண்டு ஒலிக்கும் சுரத்தை மின்விசிறிச் சத்தம் போல எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும். ஸ்ட்ரிங்ஸ், பேடு, சிம்பல் வால் எல்லாம் வெட்டி வெட்டி வரும். அதைக் கேட்டு யாராவது கருத்துச் சொன்னால் அது மென்பொருளைப் பற்றிய கருத்து. கோப்பை முன்கூட்டியே இருவரும் இறக்கி வைத்துக்கொண்டு, எண்ணிச் சொல்லி ஒரே நேரத்தில் அவரவர் கருவியில் ஓடவிடுவதே சரி. கேட்கும்போது இருவரும் மைக்கை அணைத்துவிடுங்கள். அரை நொடி முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது.

முழுதாக ஒருமுறை, பிறகு பகுதி பகுதியாக ஒருமுறை. மூன்று நான்கு நிமிட டிராக்குக்கு முக்கால் மணி நேரம் ஏராளம். அதற்கு மேல் காது களைத்து, குறை இல்லாத இடத்திலும் குறை கேட்கத் தொடங்கும். முதலில் அவர் பேசட்டும். தன் டிராக்கை இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்பதே பல இசையமைப்பாளர்களுக்குப் போதுமானது. சலிப்பான 16 பார் வரும்போது நீங்கள் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே நெளிவார். அதைக் கண்டால், "இப்ப என்ன தோணுச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

ஆபத்து, முகத்துக்கு நேராக இருவருமே வளைந்துகொடுப்பது. நீங்கள் கூர்மையைக் குறைப்பீர்கள், அவர் உடனே "ஆமா ஆமா" என்பார் அல்லது உடனே விளக்கம் சொல்லத் தொடங்குவார். இரண்டிலும் கருத்து உள்ளே போகவில்லை. முடிவுகளை அன்றே எடுக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லி, பேசி முடிந்ததும் மூன்று வரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். எழுதி வைக்காத பேச்சில் இருவருக்கும் வெவ்வேறு விஷயங்கள் நினைவில் நிற்கும்.

செய்து காட்டுவது

ஸ்டெம்களை வாங்கி மாற்றிக் காட்டுவது நான்கிலும் வலிமையானது. அதனாலேயே கடைசியில் கையிலெடுக்க வேண்டியது. சொல்லாலும் பேச்சாலும் ஒரு விஷயம் விளங்கவில்லை என்ற பிறகு, அந்த ஒன்றை மட்டும் காட்டுவதற்கு இது. "கிக்கும் பாஸும் மோதுது" என்று இரண்டுமுறை எழுதியும் அவருக்குக் காதில் பிடிபடவில்லை என்றால், கிக் அடிக்கும் நொடியில் பாஸ் 3 டெசிபல் இறங்குமாறு சைட்செயின் போட்டு 20 நொடித் துண்டை அனுப்புங்கள். இனி அந்த மோதல் எந்த டிராக்கில் வந்தாலும் அவருக்குத் தெரியும்.

வாங்கும்போது சொல்ல வேண்டியவை: எல்லா ஸ்டெம்களும் சுழியிலிருந்தே தொடங்கி ஒரே நீளத்தில் இருக்கட்டும், புராஜெக்டின் அதே சாம்பிள் ரேட்டில், 24 பிட்டில், டிரம்ஸ், பாஸ், ஹார்மனி, லீட், எஃபெக்ட்ஸ் என ஐந்தாகப் பிரித்தால் போதும். மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் தடத்தில்) கம்ப்ரெசரோ லிமிட்டரோ இருந்தால் அதை அணைத்துவிட்டு ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். போட்டபடியே தனித்தனியாக எடுத்தால், லிமிட்டர் ஒவ்வொரு ஸ்டெம்மிலும் வெவ்வேறு விதமாக வேலை செய்திருக்கும். ஐந்தையும் கூட்டினால் அவருடைய மிக்ஸ் திரும்பி வராது. முதல் வேலையாக ஐந்தையும் அப்படியே சேர்த்து, லிமிட்டர் இல்லாத அவருடைய மிக்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது பொருந்தாவிட்டால் மேலே போக வேண்டாம்.

ஒரு துண்டில் ஒரே ஒரு மாற்றம். பழையதும் புதியதும் ஒரே ஒலியளவில். இது மிக முக்கியம், ஏனென்றால் ஒரு டெசிபல் கூடினால்கூட காது அதைச் "சத்தம் கூடியிருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளாமல் "நன்றாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். எடுத்துக்காட்டாக வேறொரு வெளிவந்த டிராக்கைக் காட்டும்போதும் இதே விதி. மாஸ்டர் செய்த டிராக் −9 எல்.யூ.எஃப்.எஸ் (காது உணரும் சத்தத்தின் அளவு), அவருடைய மிக்ஸ் −18 என்றால், முதலாவதை 9 டெசிபல் இறக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். இறக்காமல் ஒப்பிட்டால் அவர் கற்றுக்கொள்வது ஒன்றே: சத்தத்தைக் கூட்ட வேண்டும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் இயல்பு நிலையில் −14 அருகே எல்லாவற்றையும் சமன் செய்துவிடுவதால் அந்தப் பாடம் அங்கேயும் உதவாது.

இந்த வழியின் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்ததே, இருந்தும் விழுகிறோம். கையில் ஸ்டெம் வந்ததும் கை சும்மா இருக்காது. லீடைச் சரிசெய்து, டிரம்ஸைச் சரிசெய்து, ஒரு டிலே சேர்த்து, நம்முடைய ரசனையில் முழு மிக்ஸும் தயாராகிவிடும். இசைக்கலைஞர் அதைக் கேட்டு அசந்துபோனாலும் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது, அடுத்த டிராக்கில் மறுபடி அதே இடத்தில் நிற்பார். அசந்துபோகாவிட்டால் இன்னும் மோசம்: தன் இசை தன்னுடையதாக இல்லை என்ற கூச்சம் அவருக்குள் தங்கிவிடும். 20 முதல் 30 நொடிக்கு மேல் செய்து காட்டாதீர்கள். என்ன செய்தீர்கள் என்பதை எண்களோடு ஒரு வரியில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் ஸ்டெம்களை அழித்துவிட்டு, அழித்துவிட்டதைச் சொல்லுங்கள். அவை வெளிவராத ஒருவருடைய உழைப்பு.

மதிப்பெண் போடுவதும் ஒரு வழியாகப் புழக்கத்தில் இருக்கிறது. பல டிராக்குகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் அது உதவும். மிக்ஸுக்கு 10க்கு 6 என்று பெற்ற ஒருவர் நாளை காலை எந்த ஃபேடரைத் தொட வேண்டும் என்பதற்கு அதில் விடை இல்லை, ஆகவே ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

எப்போது எது

உங்களிடம் கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் முதல் கேட்பைப் பேசிப் பதிவுசெய்யுங்கள், டிராக் எந்த நிலையில் இருந்தாலும் சரி. அவசரமாக எழுதிய நான்கு வரியைவிட நேர்மையான ஐந்து நிமிடக் குரல் அதிகம் தரும். ஒரு மணி நேரம் இருந்து, டிராக் மிக்ஸ் நிலையில் இருந்தால் எழுதுங்கள். அப்போதும் முதல் கேட்பைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, எழுதும்போது அதை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. புதிதாக இசையமைக்கத் தொடங்கியவருக்குக் குரலும் சேர்ந்து கேட்பதும் பொருந்தும். "300 ஹெர்ட்ஸில் 2 டெசிபல்" என்ற வரி அவரைப் பயமுறுத்தும். பல டிராக் வெளியிட்டவருக்கு எழுத்தே பிடிக்கும், வேலையைப் பார்த்துவிட்டுப் போவார். நெருங்கிய நண்பர் என்றால் சேர்ந்து கேட்பதைத் தவிர்த்து எழுத்துக்குப் போவது மேல். முகதாட்சண்யம் அங்கேதான் அதிகம் வேலை செய்யும்.

திருத்தி அனுப்பினால் இரண்டாம் சுற்றை எப்படிக் கேட்பது என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பையும் உங்கள் குறிப்பையும் திறக்காமல் புதியதை முழுதாகக் கேளுங்கள். பிறகே ஒலியளவைச் சமன்செய்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சொன்னதை அவர் செய்யாமல் விட்டிருந்தால், முதலில் அந்த இடம் இப்போதும் உறுத்துகிறதா என்று பாருங்கள். உறுத்தவில்லை என்றால் அந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிடுங்கள். உறுத்தினால் இன்னொருமுறை, வேறு வழியில் சொல்லலாம்: எழுதியது எடுபடவில்லை என்றால் சேர்ந்து கேட்பது, அதுவும் எடுபடவில்லை என்றால் 20 நொடித் துண்டு. மூன்று சுற்றுக்கு மேல் போக வேண்டாம். அதற்குள் உங்கள் காதும் அந்த டிராக்குக்குப் பழகிப்போயிருக்கும். அடுத்த கருத்துக்கு அதை முதல்முறையாகக் கேட்கப்போகும் வேறொருவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.